ஓப்பனிங்கும் பழைய படமும், ரசிப்பதற்காக மட்டும்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மண்டபம்_கரையோரம்

எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் எங்களுக்கும் வேலை குறைந்துவிடும், சாயங்கால நேரம் முழுக்கக் கையில் இருக்கும். அந்த நேரத்தில் எனக்கு இரண்டே விருப்பம்தான். செஸ்ஸில் ஓப்பனிங்குகளை, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் நகர்வு வரிசைகளை, பலகையில் வைத்துப் பார்ப்பது, அப்புறம் பழைய படங்கள். கறுப்பு வெள்ளை என்றால் இன்னும் பிடிக்கும், மொழி எதுவானாலும் சரி.

போட்டிக்குப் போகும் எண்ணம் இல்லை, ரேட்டிங்கும் வேண்டாம். இதைச் சொன்னவுடன் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: ஓப்பனிங் படிப்பது வீண், முதலில் டாக்டிக்ஸ் (காய் பிடிக்கும் தந்திரங்கள்) போடு, எண்ட்கேம் (ஆட்டத்தின் கடைசிக் கட்டம்) படி, ரேட்டிங் ஏறிய பிறகு ஓப்பனிங் பக்கம் வா. என் அக்கா மகன், காலேஜ் படிக்கிறவன், செஸ் எஞ்சின் என்ற கணினி நிரலைத் திறந்தால் எது நல்ல நகர்வு என்று ஒரு நொடியில் காட்டிவிடுமே மாமா, நீங்கள் ஏன் உட்கார்ந்து யோசிக்கிறீர்கள் என்கிறான். எனக்கு வேண்டியது எது நல்ல நகர்வு என்பது மட்டும் இல்லை. இத்தாலியன் கேம் என்ற ஓப்பனிங்கில் மூன்றாவது நகர்விலேயே வெள்ளை பிஷப் சி4 கட்டத்தில் வந்து நின்று எஃப்7-ஐப் பார்க்கிறது (ஏ முதல் எச் வரை ஓர் எழுத்தும் 1 முதல் 8 வரை ஓர் எண்ணும் சேர்ந்ததுதான் கட்டத்தின் பெயர்). ராஜாவைத் தவிர வேறு யாரும் காவல் இல்லாத கட்டம் அது. அந்த ஒரு பார்வையிலிருந்து எத்தனை நூறு ஆண்டு ஆட்டங்கள் பிறந்திருக்கின்றன என்று யோசித்தால் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது. கிங்ஸ் கேம்பிட்டில் இரண்டாவது நகர்விலேயே ஒரு சிப்பாயை எடுத்துக்கொள் என்று நீட்டுகிறார்கள், யார் முதலில் இப்படி நினைத்திருப்பார்கள், எந்தக் காலத்தில் இது மோஸ்தராக இருந்தது, ஏன் போயிற்று, இதெல்லாம்தான் எனக்கு வேண்டும்.

படத்திலும் அப்படியே. ஒரு நல்ல பழைய படத்தின் முதல் பத்து நிமிடத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். யாரை முதலில் காட்டுகிறார்கள், எதை மறைத்து வைக்கிறார்கள் என்று பார்ப்பதில் கதையைத் தெரிந்துகொள்வதை விட எனக்கு ருசி அதிகம்.

ஆக, இப்படி ரசிப்பதற்காகவே ஓப்பனிங் படிக்கிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? கதை உள்ள, ஆள் உள்ள ஓப்பனிங் எது, அதை எந்த வரிசையில் எடுத்துக்கொள்வது? செஸ்ஸை ஒழுங்காகக் காட்டிய பழைய படங்கள் எவை? ராமநாதபுரம் பக்கம், கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் நேரிலும் உட்காரலாம்.


பதில்: உச்சிப்புளி_பிளிட்ஸ்

அண்ணே, வருத்தப்படாதீர்கள், நேராகச் சொல்கிறேன். உங்கள் அக்கா மகன் சொல்வதுதான் சரி. பத்து நகர்வு மனப்பாடமாகத் தெரிந்து பதினொன்றாவது நகர்வில் குதிரையைச் சும்மா கொடுத்தால் என்ன பயன். ராஜா, சிப்பாய் மட்டும் மிச்சமிருக்கும் எண்ட்கேம்களை முதலில் படியுங்கள், அதிலும் அழகு இருக்கிறது. படம் பற்றி எனக்குத் தெரியாது.


பதில்: கப்பல்காரர் (கீழக்கரை)

தம்பி மண்டபம், நீங்கள் கேட்டதற்கு என்னிடம் ஒரே பதில்தான், எவன்ஸ் கேம்பிட்டிலிருந்து தொடங்குங்கள். நான் சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்துக் கரை ஏறியவன், அதனால் எனக்கு இதில் தனிப் பாசம். இதைக் கண்டுபிடித்த வில்லியம் டேவிஸ் எவன்ஸ் செஸ் வித்வான் இல்லை, வேல்ஸ் நாட்டில் பிறந்த ஒரு கப்பல் கேப்டன். 1820களில், அயர்லாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவே தபால் கொண்டுபோன நீராவிக் கப்பலில் இருந்த காலத்தில், இதை யோசித்திருக்கிறார். இரவில் கப்பல்கள் ஒன்றோடு ஒன்று மோதாமல் இருக்க நிற விளக்கு வைக்கும் ஏற்பாட்டிலும் அவர் பெயரைச் சொல்வார்கள். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, நம் விசைப்படகுகள் வரைக்கும் வந்துவிட்ட விஷயம் அது. கடலில் வேலை பார்த்துக்கொண்டே, கிடைத்த நேரத்தில் பலகையை வைத்து யோசித்த ஒரு அமெச்சூர், உலகம் இருநூறு ஆண்டாக ஆடும் ஒரு ஓப்பனிங்கைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ரசிப்பதற்காகப் படிப்பது வீண் என்று சொல்கிறவர்களிடம் இவர் பெயரைச் சொல்லுங்கள்.

ஆட்டம் இப்படி. இரண்டு பக்கமும் ராஜா சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, குதிரைகளை வெளியே கொண்டுவந்து, நீங்கள் சொன்ன மாதிரி பிஷப்பைச் சி4-இல் வைக்கிறது வெள்ளை, கறுப்பும் தன் பிஷப்பைச் சி5-இல் வைக்கிறது. இப்போது நான்காவது நகர்வாக வெள்ளை பி4 என்று ஒரு சிப்பாயை அந்தக் கறுப்பு பிஷப்பின் வாயிலேயே கொண்டுபோய் வைக்கும். பிஷப் அதைத் தின்றால் சி3 என்று அடுத்த சிப்பாய் வந்து விரட்டும், பிஷப் மறுபடி ஓட வேண்டும், அதற்குள் டி4 வந்துவிடும், நடுப்பலகை முழுக்க வெள்ளையின் கையில். ஒரு சிப்பாயைக் கொடுத்து நேரத்தை வாங்குகிறோம். முதல் தடவை இதைப் பலகையில் வைத்துப் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள், பி4 வைத்த இடத்தில் நிறுத்திவிட்டு, கறுப்பின் பக்கம் போய் உட்கார்ந்து பாருங்கள்.

இதில் பார்க்க வேண்டிய ஆட்டம் இரண்டு. 1852-இல் பெர்லினில் ஜெர்மன் ஆட்டக்காரர் ஆண்டர்சன், டுஃப்ரேனுடன் ஆடியது, எவர்கிரீன் கேம் என்று பெயரே வைத்துவிட்டார்கள், ராணியைக் கொடுத்து இரண்டு பிஷப்பால் முடிப்பார். அதற்குப் பிறகு உலக சாம்பியன் லாஸ்கர் போன்றவர்கள் கறுப்புக்கு நல்ல பதில் கண்டுபிடித்தார்கள், வாங்கிய சிப்பாயைச் சரியான நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டால் வெள்ளையின் வேகம் அடங்கிவிடும் என்று. பெரிய போட்டிகளில் இந்த ஓப்பனிங் அருகிப் போயிற்று. அப்புறம் 1995-இல் ரீகா நகரத்தில் காஸ்பரோவ் இதைத் தூசி தட்டி எடுத்து நம் ஆனந்துக்கு எதிராகவே ஆடி, 25 நகர்வில் ஜெயித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அந்த இருவரும் நியூயார்க்கில் உலகப் பட்டத்துக்கு மோதப் போகிறார்கள், அதற்குச் சில மாதம் முன்னால் இது. ஆனந்த் பிஷப்பை ஈ7-க்குப் பின்வாங்கியிருப்பார். ஆனந்த் தோற்ற ஆட்டம் என்பதால் நம் ஆட்கள் பலர் இதைப் பார்ப்பதே இல்லை, அது தப்பு, இரண்டு பேரும் உச்சத்தில் இருந்த காலத்தின் ஆட்டம்.

1852-க்கும் 1995-க்கும் நடுவே இந்த ஓப்பனிங்குக்கு என்ன ஆனது என்று தேடிக்கொண்டே போங்கள். தடைக்காலம் முடிந்துவிடும், இது முடியாது.


பதில்: கட்டம்64 (ராமநாதபுரம்)

ராமநாதபுரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லித் தருகிறேன். உச்சிப்புளி தம்பி சொன்னது போட்டிக்குப் போகிற பிள்ளைக்குச் சரியான அறிவுரை, நானும் வகுப்பில் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் கேட்டவர் போட்டிக்குப் போகவில்லை என்று கேள்வியிலேயே எழுதிவிட்டாரே, அவருக்கும் அதையே சொல்வது சரியில்லை.

கப்பல்காரர் காக்கா எழுதியதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு, எவன்ஸிலிருந்து தொடங்க வேண்டாம், அது இரண்டாவதாக வரட்டும். முதலில் மார்ஃபியின் ஆபரா கேம். 1858, பாரிஸ் ஆபரா அரங்கில் ஒரு தனி மாடத்தில் உட்கார்ந்து, 21 வயது பால் மார்ஃபி ஒரு பக்கம், பிரன்ஸ்விக் கோமகனும் ஒரு பிரபுவும் சேர்ந்து இன்னொரு பக்கம். மொத்தமே 17 நகர்வு. கறுப்பு ஆடியது ஃபிலிடோர் டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங். ஒரு ஓப்பனிங் எதற்காக இருக்கிறது என்பதை இதை விடத் தெளிவாகக் காட்டும் ஆட்டம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை, பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவதும் இதுதான்.

பார்க்கும் முறையைச் சொல்கிறேன், அதுதான் முக்கியம். ஆட்டத்தை எஞ்சினில் போட்டு ஓட விடாதீர்கள். மரப்பலகையில் வையுங்கள், நகர்வுகள் எழுதிய தாளை இன்னொரு தாளால் மூடிக்கொள்ளுங்கள், வெள்ளை அடுத்து என்ன ஆடும் என்று நீங்களே யோசித்துவிட்டுத் தாளை ஒரு வரி கீழே இழுங்கள். ஏழாவது நகர்வில் வெள்ளை ராணி பி3-க்கு வரும், ஒரே நேரத்தில் எஃப்7-ஐயும் பி7-ஐயும் மிரட்டும். கறுப்பு எஃப்7-ஐக் காப்பாற்ற ராணியை ஈ7-இல் வைக்கும். இப்போது எட்டாவது நகர்வில் நிறுத்துங்கள். பி7 சிப்பாய் அங்கே சும்மா நிற்கிறது. எடுக்கலாம், எடுத்தால் கறுப்பு ராணி பி4-இல் செக் வைத்து ராணிக்கு ராணி மாறிவிடும், வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம், மெதுவாக ஜெயிக்கலாம். மார்ஃபி எடுக்கவில்லை. இன்னொரு குதிரையை வெளியே கொண்டுவந்தார், அவ்வளவுதான். எல்லாக் காய்களும் ஆட்டத்துக்கு வரட்டும், எதிராளியின் ராஜா நடுவிலேயே நிற்கட்டும் என்ற அந்த நிதானம்தான் மொத்த ஆட்டமும். கடைசியில் ராணியைப் பி8-இல் வைத்துக் கொடுப்பார், குதிரை எடுக்கும், யானை டி8-இல் இறங்கி மேட். அந்த நேரத்தில் வெள்ளையிடம் மிச்சமிருக்கும் பெரிய காய்கள் ஒரு யானையும் ஒரு பிஷப்பும் மட்டும், இரண்டுக்கும் வேலை இருக்கும், சும்மா நிற்பது ஒன்றும் கிடையாது. கறுப்பின் பக்கம் பாருங்கள், ராஜா பக்கத்துப் பிஷப்பும் யானையும் ஆட்டம் முடியும் வரை பிறந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்காது.

அப்புறம் ஒன்று, படித்த ஓப்பனிங்கை யாருடனாவது ஆடிப் பாருங்கள். ஜெயிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. எவன்ஸ் என்ன உணர்ந்தார் என்பது பி4 சிப்பாயை நம் கையால் ஓர் ஆளுக்கு முன்னால் வைக்கும்போதுதான் தெரியும். லிசெஸ் என்ற செஸ் இணையதளம் இலவசம், விளம்பரமும் கிடையாது, அதில் ஸ்டடி என்று ஒரு பகுதி இருக்கிறது, ஓப்பனிங்குக்கு ஒன்று திறந்து உங்கள் குறிப்புகளை அங்கேயே எழுதி வைக்கலாம். பத்து நிமிட ஆட்டத்துக்குக் குறைவாக ஆடாதீர்கள். மூன்று நிமிட ஆட்டத்தில் ரசிக்க எங்கே நேரம்.


பதில்: பாம்பன்_பழையபடம்

கடைசியில் நம் பக்கத்திலும் ஒருவர் படத்தின் முதல் பத்து நிமிடத்தைப் பற்றிக் கேட்டுவிட்டார். இதற்காகவே எத்தனை காலமாகக் காத்திருக்கிறேன்.

செஸ் உள்ள படங்கள் நிறைய, ஆனால் பலகையை அலங்காரத்துக்கு வைத்திருப்பார்கள், பாதிப் படங்களில் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் வைத்திருப்பார்கள். எனவே செஸ் தெரிந்தவர்கள் எடுத்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் காஸாபிளாங்கா, 1942. கதாநாயகனின் முகத்தைக் காட்டும் முன்னால் அவன் கையைக் காட்டுவார்கள், கையெழுத்துப் போடுகிற கை, அப்புறம் மேஜையில் ஒரு செஸ் பலகை, எதிரே ஆள் இல்லை, தனியாக ஆடிக்கொண்டிருக்கிறான். அதற்கப்புறம்தான் ஹம்ப்ரி போகார்ட்டின் முகம். பலகையில் இருப்பது பிரெஞ்சு டிஃபென்ஸ் என்று சொல்வார்கள். போகார்ட் நிஜ வாழ்க்கையில் நன்றாக செஸ் ஆடியவர், தபாலிலும் ஆடியவர், அந்தப் பலகை அங்கே இருப்பது அதனால்தான். இந்த ஆள் யாரையும் பக்கத்தில் சேர்க்க மாட்டான், எல்லாவற்றையும் யோசித்தே செய்வான் என்று வசனம் எதுவும் இல்லாமல் சொல்லியாயிற்று.

1963-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம், ஃப்ரம் ரஷ்யா வித் லவ். ஆரம்பத்திலேயே வெனிஸில் ஒரு செஸ் போட்டி. அந்தப் பலகையில் இருப்பது 1960-இல் லெனின்கிராடில் ஸ்பாஸ்கி, ப்ரான்ஸ்டைனை ஜெயித்த ஆட்டம். நீங்கள் சொன்ன அதே கிங்ஸ் கேம்பிட். படத்தில் நடுவே இரண்டு சிப்பாய்களைக் காணோம், மற்றபடி அதே நிலை. முதலில் உண்மை ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்த்துவிட்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். 1968-இல் குப்ரிக் எடுத்த 2001 படத்தில் விண்கலத்தில் கணினியுடன் ஒருவர் ஆடுவார், அது 1910-இல் ஹாம்பர்க்கில் ரோஷ், ஷ்லாகே என்ற இருவர் ஆடிய ஆட்டம், ரூய் லோபஸ் ஓப்பனிங். குப்ரிக் இளம் வயதில் நியூயார்க் பூங்காக்களில் செஸ் ஆடித் திரிந்தவர். கணினி சொல்லும் நகர்வு ஒன்றில் பிழை இருக்கிறது, வேண்டுமென்றே வைத்ததா என்று இன்னும் வாதம் நடக்கிறது.

ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனின் தி செவன்த் சீல், 1957, இதை மட்டும் தனியாக உட்கார்ந்து பாருங்கள். சிலுவைப் போரிலிருந்து திரும்பிய வீரன் ஒருவன் கடற்கரையில் கிடக்கிறான், மரணம் கறுப்பு அங்கியில் வந்து நிற்கிறது, அவன் அதை செஸ் ஆட அழைக்கிறான். ஆடும் வரை உயிர் இருக்கும். யாருக்கு எந்த நிறம் என்று எடுக்கும்போது மரணத்துக்குக் கறுப்பு விழும். ஸ்வீடனில் ஹோவ்ஸ் ஹாலர் என்ற பாறைக் கடற்கரையில் எடுத்தது. நமக்குக் கடல் தினமும் பார்க்கிற கடல், கூழாங்கல் கரையும் அந்த மங்கலான வானமும் வேறு மாதிரி, ஆனாலும் அலைச் சத்தத்துக்கு நடுவே அந்த ஆளும் பலகையும் இருக்கிற விதம் எனக்கு உடம்பைச் சிலிர்க்க வைத்துவிடும். படத்தின் பின்பகுதியில் அவன் வேண்டுமென்றே காய்களைத் தட்டிவிடும் ஓர் இடம் வரும், ஏன் தட்டிவிடுகிறான் என்று சொல்ல மாட்டேன், பாருங்கள்.

நேரம் குறைவாக இருந்தால் செஸ் ஃபீவர், 1925, மௌனப் படம், அரை மணி நேரம்கூட இல்லை. மாஸ்கோவில் நிஜமாகவே பெரிய போட்டி நடந்துகொண்டிருந்தபோது எடுத்தது, அன்றைய உலக சாம்பியன் கபப்லாங்காவே நடித்திருப்பார்.

தமிழில் செஸ்ஸுக்காக இல்லை, ஓப்பனிங்குக்காக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்த நாள், 1954, எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். எடுத்தது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை, அந்தக் காலத்தில். படம் தொடங்கும்போதே துப்பாக்கிச் சத்தம், சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். கதாநாயகனை முதல் காட்சியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அவரைப் பற்றி ஆளாளுக்குச் சொல்லும் கதை, இரண்டாம் உலகப் போரில் சென்னை மேல் குண்டு விழுந்த பயம் பின்னணியில். இரண்டாவது நகர்வில் சிப்பாயை நீட்டுவது பற்றி எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படித்தவுடன் எனக்கு இந்தப் படம்தான் நினைவுக்கு வந்தது.


பதில்: தொண்டி மாமா

பாம்பன் தம்பி, சத்யஜித் ராயை விட்டுவிட்டீர்களே. ஷத்ரஞ்ச் கே கிலாடி, 1977, பிரேம்சந்த் கதை. 1856-இல் கும்பினி லக்னோவைப் பிடிக்கிறது, நவாபின் அரசு போகிறது, இரண்டு பிரபுக்கள் அதைக் கண்டுகொள்ளாமல் சதுரங்கம் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள். படத்தின் தொடக்கமே பலகையும் காய் நகர்த்தும் கைகளும்தான். காய்கள் கிடைக்காமல் போன ஒருநாள் காய்கறியையும் கொட்டையையும் வைத்து ஆடுவார்கள், சஞ்சீவ் குமாரும் சயீத் ஜாஃப்ரியும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் திகட்டாத இடம்.

நான் இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. அந்தப் படத்தில் நம் நாட்டு ஆட்டத்துக்கும் வெள்ளைக்காரன் ஆட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவர் விளக்குவார், சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் போகும், மந்திரி இருந்த இடத்தில் ராணி என்று. என் அத்தா கொழும்பில் கடை வைத்திருந்தவர், அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது நம் நாட்டு முறைதான். சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான். காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) கிடையாது, அதற்குப் பதில் ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். அந்த முறையில் ஆடிப் பாருங்கள் தம்பி, நீங்கள் விரும்பும் ஓப்பனிங்குகளில் பாதி பிறந்தே இருக்காது, முதல் பத்து நகர்வும் இரண்டு படையும் தங்கள் தங்கள் எல்லைக்குள்ளேயே அணிவகுக்கும். அதுவும் ஓர் அழகு.

இந்த முறையில் வளர்ந்த ஆட்கள்தான் வெள்ளைக்காரனை வியக்க வைத்தார்கள். 1850களில் கல்கத்தாவில் காக்ரேன் என்ற ஆங்கிலேயருடன் மொகேஷ்சந்திர பானர்ஜி என்ற வங்காளக்காரர் நிறைய ஆடியிருக்கிறார். நடுவில் சிப்பாயை முட்டவிடாமல், பிஷப்பை ஓரத்துச் சிப்பாய்களுக்குப் பின்னால் வைத்து, எதிராளி நடுப்பலகையைப் பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டுப் பிறகு அதை உடைக்கும் பாணி. இன்றைக்கு கிங்ஸ் இண்டியன், குயின்ஸ் இண்டியன் என்றெல்லாம் இந்தியப் பெயரோடு இருக்கும் டிஃபென்ஸ்களுக்கு இவருடைய ஆட்டங்கள் ஒரு வேர். அடுத்து மீர் சுல்தான் கான், பஞ்சாபில் ஒரு பிரபுவின் ஆதரவில் இருந்தவர், சிறு வயதில் இந்திய முறை ஆடியவர். 1929-இல் இங்கிலாந்து போய் அந்த ஆண்டே பிரிட்டிஷ் சாம்பியன், 1932, 1933-லும் அவரே. ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கபப்லாங்காவை ஜெயித்தார். ஐரோப்பிய ஓப்பனிங் நூல்களைப் படித்து வளர்ந்தவர் இல்லை அவர். அவருடைய ஆட்டங்களைப் பார்த்தால் தொடக்கத்தில் கொஞ்சம் நெருக்கடியில் இருப்பார், அதன் பிறகு மெல்ல மெல்ல எதிராளியைச் சுற்றி வளைப்பார். 2024-இல் உலக செஸ் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது, அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து.

ஓப்பனிங் படியுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாரிஸ், பெர்லின், லண்டன் என்றே போகாமல் கல்கத்தா வழியாகவும் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள்.


பதில்: உச்சிப்புளி_பிளிட்ஸ்

மாமா, ராஜா குதிரை மாதிரி தாவலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. செக் வாங்கின பிறகும் தாவலாமா?


பதில்: தொண்டி மாமா

எங்கள் வீட்டில் செக் வாங்கிவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஊருக்கு ஊர் மாறும், ஆடத் தொடங்கும் முன்னால் பேசிக்கொள்ள வேண்டும்.


பதில்: மண்டபம்_கரையோரம்

இவ்வளவு பேர் இருக்கிறீர்கள் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. ஆபரா கேமை டீச்சர் சொன்ன மாதிரி தாளை மூடி வைத்துப் பார்த்தேன். எட்டாவது நகர்வில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், அந்தக் குதிரை நகர்வின் அருமை தெரிந்தது. எவன்ஸ் கேப்டனை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன். அந்த நாள் படத்தின் தொடக்கத்தை மறுபடி பார்த்தேன், பாம்பன் அண்ணன் சொன்னது அப்படியே சரி, முதலில் பெரியதைக் கொடுத்துவிட்டால் அப்புறம் பார்ப்பவன் எழுந்து போக முடியாது.

இத்தாலியன் ஆடும்போது ஒரு சந்தேகம். கறுப்பு பிஷப்பைக் கொண்டுவராமல் இரண்டாவது குதிரையை எஃப்6-இல் வைத்தால், வெள்ளை குதிரையை ஜி5-க்கு அனுப்பி எஃப்7-ஐ மிரட்டலாம். கறுப்பு டி5 தள்ளும், வெள்ளை சிப்பாய் எடுக்கும். இதற்கு மேல் கறுப்பு என்ன செய்ய வேண்டும்? டி5-இல் குதிரையால் திருப்பி எடுப்பதுதான் இயல்பாக வருகிறது. இந்த இடத்துக்கும் கதை உண்டா?


பதில்: கட்டம்64 (ராமநாதபுரம்)

குதிரையால் எடுத்தால் வெள்ளை தன் குதிரையை எஃப்7-இல் கொடுத்து ராஜாவை வெளியே இழுக்கும், ராணி எஃப்3-இல் செக் வைக்கும், கறுப்பு ராஜா குதிரையைக் காப்பாற்ற நடுப்பலகைக்கு நடந்து வர வேண்டும். ஃப்ரைட் லிவர் என்பது அதுதான். சுமார் 400 ஆண்டுக்கு முன்னால் இத்தாலியில் பொலேரியோ என்பவர் ஆடியதே பதிவாகியிருக்கிறது. கறுப்பு அங்கே சி6-இல் இருக்கும் குதிரையை ஏ5-க்கு அனுப்பி பிஷப்பை விரட்ட வேண்டும். பிஷப் பி5-இல் செக் கொடுக்கும், சி6 என்று சிப்பாயை நடுவே வைக்க வேண்டும், சிப்பாய்கள் மாறியதும் பிஷப் மறுபடி ஓடும். கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு, ஆனால் காய்கள் வேகமாக வெளியே வரும்.


பதில்: கப்பல்காரர் (கீழக்கரை)

டீச்சர் நிறுத்திய இடத்திலிருந்துதான் கதையே. பிஷப் ஈ2-க்கு வந்த பிறகு கறுப்பு எச்6 தள்ளி வெள்ளைக் குதிரையை விரட்டும். எல்லோரும் அதை எஃப்3-க்குக் கொண்டுவருவார்கள். அன்றைய உலக சாம்பியன் ஸ்டைனிட்ஸ் மட்டும் எச்3 என்ற ஓரக் கட்டத்துக்குப் போகலாம் என்றார், யாரும் ஏற்கவில்லை. 1890, 91-இல் அவர் நியூயார்க்கில் இருந்தும் ரஷ்ய ஆட்டக்காரர் சிகோரின் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தும் தந்தி மூலம் இரண்டு ஆட்டம் ஆடினார்கள், ஒன்றில் ஸ்டைனிட்ஸ் இந்த எச்3-ஐயே ஆடினார், இன்னொன்று எவன்ஸ் கேம்பிட். இரண்டிலும் சிகோரின் ஜெயித்தார். அவ்வளவுதான், அந்த நகர்வு முடிந்தது என்று நினைத்தார்கள். 1963-இல் அமெரிக்காவின் பாபி ஃபிஷர் அதே எச்3-ஐ பிஸ்கையர் என்பவருக்கு எதிராக ஆடி ஜெயித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் நான் மண்டபம் வருகிறேன் தம்பி, அந்தத் தந்தி ஆட்டம் இரண்டையும் ஃபிஷர் ஆட்டத்தையும் எழுதி எடுத்து வருகிறேன். டீச்சரும் பாம்பன் தம்பியும் வர முடிந்தால் வாருங்கள், உச்சிப்புளித் தம்பி வழியில்தான், நான் ஏற்றிக்கொள்கிறேன். உங்களிடம் பெரிய மரப்பலகை இருக்கிறதா, இல்லை நான் கொண்டுவரட்டுமா?


பதில்: மண்டபம்_கரையோரம்

பலகை இருக்கிறது காக்கா. கறுப்பில் ஒரு யானையை மட்டும் காணவில்லை, உபரி இருந்தால் எடுத்து வாருங்கள். ஐஸ் கம்பெனி மாடியில் காற்று நன்றாக வரும், அங்கேயே உட்காரலாம்.